நிமிடத்துக்கு மூன்று சென்ட்

அமெரிக்கச் சிறைகளில் கைதிகளுக்கு விற்கப்படும் டிவி, ரேடியோ, டைப்ரைட்டர் எல்லாம் பெரும்பாலும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கூட்டோடுதான் வரும். கம்பி, சர்க்யூட் போர்டு, ஸ்பீக்கர் காந்தம் வரை அத்தனையும் வெளியே தெரியும். உள்ளே பிளேடையோ போதைப்பொருளையோ ஒளித்துவைக்க வழி இருக்கக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நியூஜெர்சியைச் சேர்ந்த ஸ்வின்டெக் நிறுவனம் சிறைகளுக்கென்றே இப்படி ஒரு டைப்ரைட்டரைத் தயாரித்தது. காவலருக்கும் கைதிக்கும் பாதுகாப்பு தரும் விதி. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சிறைகளில் தரப்படும் டேப்லெட் விஷயம் அப்படியல்ல. அதைப் புரிந்துகொள்ள மாநில அரசுகள் தனியார் நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தங்களைப் படிக்க வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் 2019-இல் வெளிச்சத்துக்கு வந்த ஒப்பந்தம் ஒன்று போதும். டேப்லெட் இலவசம். அதில் புத்தகம் படிக்க நிமிடத்துக்கு 5 சென்ட். தள்ளுபடி போக 3 சென்ட். வீடியோவில் குடும்பத்தைப் பார்க்க நிமிடத்துக்கு 25 சென்ட். வசூலில் 5 சதவீதம் மாநில அரசுக்கு. அந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தவை? புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்திலிருந்து. பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து மின்னூலாக்கி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கட்டும் என்று போட்டுவைத்த இடம் அது.

அப்போது அங்கே சிறை வேலைக்கான கூலி மணிக்கு 4 சென்ட்டில் தொடங்கியது. ஐந்து மணி நேரத்தில் முடிக்கக்கூடிய ஒரு நாவலுக்கு 9 டாலர் ஆகும். அடிமட்டக் கூலி வாங்கும் கைதி அதற்கு 225 மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். இந்தக் கணக்கில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு அதே நாவல் பத்து மணி நேரம் ஆகலாம்; அவர் இரட்டிப்புக் காசு கட்ட வேண்டும். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்கள் நிறைந்த இடத்தில், படிக்கத் திணறுபவனிடம் கூடுதல் பணம் பிடுங்கும் ஒரு முறையை அரசு கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டது.

புளோரிடாவில் பாட்டு. 2011 முதல் அங்கே கைதிகள் எம்பி3 பிளேயர் வாங்க முடிந்தது. ஒரு பாட்டு 1.70 டாலர். வாங்கிய பாட்டுகள் உங்களுக்கே சொந்தம் என்று சொல்லித்தான் விற்றார்கள். பிறகு மாநிலச் சிறைத்துறை ஜேபே என்ற வேறு நிறுவனத்தின் டேப்லெட்டுக்கு மாறியது. பழைய பிளேயரை ஒப்படைக்கச் சொன்னார்கள். பாட்டுகளைப் புதிய கருவிக்கு மாற்ற வழியில்லை என்று கைவிரித்தார்கள். அதுவரை பாட்டுக்காகக் கைதிகளும் குடும்பங்களும் கொடுத்திருந்த பணம் சுமார் 1 கோடியே 13 லட்சம் டாலர். 2019-இல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

பென்சில்வேனியாவில் கடிதத்துக்கும் இதே கதி. 2018-இல், காகிதத்தில் போதைப்பொருள் தடவி அனுப்புகிறார்கள் என்று கூறி, சிறைகளுக்கு வரும் தனிப்பட்ட கடிதங்களையெல்லாம் புளோரிடாவில் உள்ள ஒரு நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். கைதிக்குப் பிரதி கிடைக்கும். குழந்தை கிரேயானில் வரைந்து அனுப்பிய அசல் படம் அழிக்கப்பட்டுவிடும்.

இதற்கெல்லாம் முன்னோடி தொலைபேசிக் கட்டணம். தலைநகர் வாஷிங்டனில் மார்த்தா ரைட் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் இருந்தார். பேரன் சிறையில், அதுவும் தொலைதூர மாநிலங்களுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பாட்டிக்குப் பார்வை போய்விட்டது, கடிதம் உதவாது. போன் ஒன்றுதான் வழி. மருந்துக்கு வைத்திருந்த காசு போனுக்குப் போகும் நிலையில், 2000-இல் அவர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் போகச் சொன்னது. 2003-இல் அங்கே மனு. முதல் உச்சவரம்பு வர 2013 ஆயிற்று. 2015-இல் அவர் இறந்தார். உள்மாநில அழைப்புகளுக்கும் வரம்பு விதிக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்குக் கொடுத்த சட்டம், அவர் பெயரோடு 2023 ஜனவரியில்தான் கையெழுத்தானது. 2024 ஜூலையில் ஆணையம் சிறைகளுக்கு நிமிடத்துக்கு 6 சென்ட் என்று வரம்பு வைத்தது. 2025-இல் அதே ஆணையம் அதை 2027-க்குத் தள்ளிப்போட்டது. சில மாதங்களில் வரம்பையும் உயர்த்திவிட்டது.

சில மாநிலங்கள் காத்திருக்கவில்லை. 2021-இல் கனெக்டிகட் சிறை அழைப்புகளை இலவசமாக்கிச் சட்டம் போட்டது. அதற்கு முன் அங்கே 15 நிமிடம் பேச ஏறத்தாழ 5 டாலர் ஆகும். 2023-இல் கலிபோர்னியா, மினசோட்டா, மாசசூசெட்ஸ் மாநிலங்களிலும் அழைப்புகள் இலவசமாயின. செலவை அரசு ஏற்கிறது. ஒருவரைச் சிறையில் அடைப்பது அரசின் முடிவு. அதன் பில்லை அவருடைய அம்மாவிடம் நீட்ட அரசுக்கு என்ன உரிமை? இந்த மாநிலங்கள் செய்ததுதான் நியாயம்.

அனுமதித்த கருவிகள் இப்படிப் பணம் கேட்க, தடைசெய்த கருவி ஒன்று அலபாமாவில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. அந்த மாநிலத்தின் ஆண்கள் சிறைகள் அரசியல் சட்டத்தை மீறுகின்றன என்று மத்திய நீதித்துறை 2019-இல் அறிக்கை வெளியிட்டது: அளவுமீறிய நெரிசல், ஆள் பற்றாக்குறை, கொலைகள், பாலியல் வன்முறை. உள்ளே இருந்தவர்கள் கள்ளத்தனமாகக் கிடைத்த செல்போன்களில் அதையெல்லாம் படம் பிடித்தார்கள். அந்தக் காட்சிகளைக் கொண்டு ஆண்ட்ரூ ஜரெக்கியும் சார்லட் காஃப்மனும் எடுத்த ஆவணப்படம் ‘தி அலபாமா சொல்யூஷன்’ 2025-இல் வெளியானது.

செல்போன் தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தென் கரோலினாவில் 2010-இல் ஒரு சிறை அதிகாரியை வீடு புகுந்து சுட்டார்கள்; உத்தரவு சிறைக்குள்ளிருந்து செல்போனில் போயிருந்தது. பலத்த காயங்களோடு அவர் உயிர் தப்பினார். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். சிறைகளில் அலைவரிசையை முடக்கும் ஜாமர்களை மாநிலங்கள் வைத்துக்கொள்ள அனுமதிக்கலாம் என்று 2025 செப்டம்பரில் தகவல் தொடர்பு ஆணையம் முன்மொழிந்தது. ஆனால் ஜாமர் வந்தால் அலபாமா காட்சிகள் போன்றவையும் வெளியே வராமல் போகலாம். அதனால் ஜாமர் கேட்கும் மாநிலங்கள், பத்திரிகையாளர்களும் சுயேச்சையான ஆய்வாளர்களும் முன்னறிவிப்பின்றி எந்தச் சிறைக்குள்ளும் போய்ப் பார்க்கலாம் என்ற விதியையும் கூடவே எழுதட்டும்.