முளையிலேயே கிள்ளுவோம்

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்நோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. அத்துயரம் அவரை ஓயாது உந்தியது. அவரது முயற்சியால் 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது.

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. அதன் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை வளர்ச்சிகள் முளைக்கும். இவை ‘பாலிப்’ எனப்படும். பெரும்பாலானவை தீங்கற்றவை, சில மட்டும் பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும்.

மலத்தில் குருதி, வாரக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு, காரணமற்ற எடைக்குறைவு, குருதிச்சோகை ஆகியன இந்நோயின் அறிகுறிகள். மூலநோயாலும் குருதி கசியும். எனினும் எது காரணம் என்பதை மருத்துவரே கூற இயலும். தொடக்கத்தில் அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம்.

ஐம்பது வயதைக் கடந்தோர், குடும்பத்தில் இந்நோய் கண்டோர், புகையிலையும் மதுவும் பயன்படுத்துவோர், உடற்பருமன் உடையோர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. மலச்சோதனை, கண்ணுக்குப் புலப்படாத குருதியையும் காட்டும். கொலோனோஸ்கோபி என்னும் குடல்நோக்குச் சோதனையின்போதே பாலிப்பை அகற்றிவிடலாம்.

அத்திபெலே ஆலைகளில் உழைப்போர் சிலர், கூலி போகுமே என்று அஞ்சியும் நாணியும் நோயை மறைப்பர். பெங்களூரு செல்லும் அதே ஓசூர்ச் சாலையில்தான் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. மறைத்தலினும் உரைத்தலே உயிர் காக்கும்.

சொற்பொருள்: குருதி – இரத்தம், நாணி – வெட்கப்பட்டு.

வினாக்கள்:
1. பாலிப் என்பது யாது?
2. தலைப்பு பாடத்திற்கு எவ்வாறு பொருந்துகிறது?