120 குதிரைத்திறனா, 240 குதிரைத்திறனா: ஒரு விசைப்படகின் எஞ்சின் கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் பழைய எஞ்சினை இறக்கிப் புதியதை ஏற்ற வசதியான காலமும் இதுதான். 2001இல் தடை தொடங்கியபோது அது 45 நாளாக இருந்தது. 2017இலிருந்து 61 நாள். பழுதுவேலைக்கு 16 நாள் கூடியது, வருமானம் இல்லாத நாளும் அதே 16 கூடியது. மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் ரூ.8,000, நாளொன்றுக்கு ரூ.131. எஞ்சின் செலவை மீதி 304 நாள் கடல்தான் ஈடுகட்ட வேண்டும்.

அந்த 304 நாளும் தொழில் நாளல்ல. ஞாயிறு விடுப்பு 43 நாள் போனால் 261. காற்று, புயல் எச்சரிக்கை, வலைப்பழுது, ஆகஸ்ட் 5 வரை நடக்கும் பனிமய மாதா திருவிழா ஆகியவற்றுக்கு இன்னும் 61 நாள் ஒதுக்கினால் மிஞ்சுவது 200. தூத்துக்குடி இழுவைமடிப் படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை சேர வேண்டும். அதாவது நாளுக்கு 16 மணி நேரம். இதில் எஞ்சின் பாரத்தோடு ஓடுவது 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 2,400 மணி நேரம். (செவுள் வலையோடு பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தருவைகுளம் படகுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்குத் தனியாகப் போட வேண்டும்.)

எடுத்துக்காட்டாக, 120 குதிரைத்திறன் கொண்ட பழைய எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் 0.7355 கிலோவாட், ஆக 120 குதிரைத்திறன் 88.3 கிலோவாட். 70 சதவீத பாரத்தில் அது தருவது 61.8 கிலோவாட். தேய்ந்த எஞ்சின் ஒரு கிலோவாட்-மணிக்கு 240 கிராம் டீசல் எரிக்கிறது என்றும், நல்ல நிலையில் உள்ள புதியது 210 கிராம் எரிக்கிறது என்றும் கொள்வோம். லிட்டருக்கு 0.83 கிலோ எடை. பழையது மணிக்கு 17.9 லிட்டரும், அதே திறனுள்ள புதியது 15.6 லிட்டரும் குடிக்கும். 12 மணி நேரத்துக்கு முறையே 215 லிட்டர், 187 லிட்டர். 200 நாளில் 43,000 லிட்டர், 37,400 லிட்டர். வித்தியாசம் 5,600 லிட்டர், 13 சதவீதம்.

இந்த 5,600 லிட்டரின் மதிப்பு, டீசலுக்கான மாநில வரியைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் டீசல் மீதான மதிப்புக்கூட்டு வரி 11 சதவீதமும், அதற்கு மேல் லிட்டருக்கு ரூ.9.62உம். சில்லறை விலை ரூ.92 என்று வைத்தால், ரூ.9.62 கழிந்து மிஞ்சும் ரூ.82.38ஐ 1.11ஆல் வகுக்க ரூ.74.22 வரும். லிட்டருக்கு வரி ரூ.17.78. விசைப்படகுக்கு ஆண்டில் 18,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசல் 2023இல் 19,000 லிட்டராக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. தடைக்காலம் போக 10 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,900 லிட்டர். சலுகையின் முழு மதிப்பு ஆண்டுக்கு ரூ.3,37,820. ஆனால் 43,000 லிட்டர் எரிப்பவருக்கும் 37,400 லிட்டர் எரிப்பவருக்கும் சலுகை ஒன்றே. மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் முழு விலை டீசலிலிருந்துதான் மிச்சமாகிறது. ஆகவே 5,600 லிட்டரின் மதிப்பு லிட்டருக்கு ரூ.92 வீதம் ரூ.5,15,200.

இந்தத் தொகை எவ்வளவு கடனைத் தாங்கும்? 12 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடன் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ரூ.2,224, ஆண்டுக்கு ரூ.26,693. ரூ.5,15,200ஐ இதனால் வகுத்தால் 19.3. எஞ்சின், கியர் பெட்டி, குளிரூட்டும் அமைப்பு, கூலி, கிரேன் வாடகை எல்லாம் சேர்த்து ரூ.19 லட்சத்துக்குள் முடிந்தால், டீசல் மிச்சமே தவணையைக் கட்டிவிடும்.

இந்த 19 லட்சம் முழுவதும் 30 கிராம் வித்தியாசத்தின் மேல் நிற்கிறது. பழைய எஞ்சின் 240 கிராமுக்குப் பதில் 225 கிராம்தான் எரிக்கிறது என்றால் ஆண்டு நுகர்வு 40,200 லிட்டர். மாற்றினால் மிச்சம் ரூ.2,57,600, கடன் தாங்கும் எல்லை ரூ.9.65 லட்சத்துக்கு இறங்கிவிடும். 240 கிராம் எரிக்கும் எஞ்சினை ஓவர்ஹால் செய்து 225 கிராமுக்குக் கொண்டுவர முடிந்தால் அதிலும் அதே ரூ.2,57,600 மிச்சம். லைனர், பிஸ்டன் ரிங், நாசில், டீசல் பம்பு அளவீடு ஆகியவற்றின் செலவு புதிய எஞ்சின் செலவில் பாதிக்குக் கீழே இருந்தால் ஓவர்ஹாலே முந்தும். எது உண்மை நிலை என்பதைத் தடைக்காலம் தொடங்கும் முன்பே அளக்க வேண்டும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, ஒரே சுழற்சி வேகத்தில் ஓடிய மணி நேரத்தைக் குறித்து, திரும்பியதும் மறுபடி நிரப்பிய லிட்டரை வகுத்தால் மணிக்கு எத்தனை என்பது தெரிந்துவிடும். 17.9 லிட்டருக்கும் 16.75 லிட்டருக்கும் இடையிலுள்ள 1.15 லிட்டர்தான் இந்த முடிவைத் தீர்மானிக்கிறது. ஊகத்தில் விடக்கூடாத அளவு இது.

எஞ்சினை மாற்றும்போதே திறனையும் கூட்டிவிடலாம் என்ற எண்ணம் பல உரிமையாளர்களுக்கு வருகிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் விதிகள், 2020 படகின் நீளத்துக்கு 24 மீட்டர், எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் என்று வரம்பு வைத்திருக்கின்றன. 120இலிருந்து 240க்குப் போவது சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் 70 சதவீத பாரத்தில் 240 குதிரைத்திறன் எஞ்சின் தருவது 123.6 கிலோவாட், 210 கிராம் வீதம் மணிக்கு 31.3 லிட்டர், நாளுக்கு 376 லிட்டர், 200 நாளில் 75,200 லிட்டர். வரிவிலக்கு டீசல் 19,000 லிட்டர் புதிய 120க்கு 101 நாள் வரும். 240க்கு 50 நாள்தான் வரும். டீசல் செலவைக் கூட்டிப் பார்த்தால் பழைய 120க்கு ஆண்டுக்கு ரூ.36,18,180, புதிய 120க்கு ரூ.31,02,980, புதிய 240க்கு ரூ.65,80,580. இரண்டு புதிய எஞ்சின்களுக்கும் இடையே ரூ.34,77,600. தொழில் நாளொன்றுக்கு ரூ.17,388.

பெரிய எஞ்சினை வாங்கிப் பாதி பாரத்தில் ஓட்டினால் போதுமே என்பார்கள். அதே 61.8 கிலோவாட்டைப் பெற 240 எஞ்சினை 35 சதவீத பாரத்தில் ஓட்ட வேண்டும். குறைந்த பாரத்தில் டீசல் எஞ்சினின் திறமை விழும். கிலோவாட்-மணிக்கு 230 கிராம் என்று மிதமாகவே வைத்தாலும் மணிக்கு 17.1 லிட்டர், நாளுக்கு 205 லிட்டர், ஆண்டுக்கு 41,000 லிட்டர். புதிய 120ஐ விட 3,600 லிட்டர், ரூ.3,31,200 அதிகம். பழைய எஞ்சின் குடித்த அளவுக்கு 2,000 லிட்டர்தான் குறைவு. நீண்ட நேரம் குறைந்த பாரத்தில் ஓடும் எஞ்சினில் கரி படிவதும் உண்டு. அதற்கு நான் விலை போடவில்லை.

வேகத்துக்காகத் திறனைக் கூட்டுவது பலன் தருமா? நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகில் வேகம் ஏறத்தாழத் திறனின் மும்மடி மூலத்துக்கு ஏற்பவே கூடும். 2இன் மும்மடி மூலம் 1.26. 7 நாட் வேகத்தில் ஓடிய படகு 8.8 நாட் தொடும், அதுவும் உச்ச மதிப்பாக. நீர்மட்டக் கோட்டில் 16 மீட்டர், அதாவது 52.5 அடி நீளமுள்ள படகுக்கு உடல்வேக எல்லை 9.7 நாட், அந்த எல்லையை நெருங்க நெருங்கத் தடை இன்னும் செங்குத்தாக ஏறும். 20 கடல் மைல் தூரத்துக்கு 7 நாட் வேகத்தில் 2 மணி 51 நிமிடம், 8.8 நாட் வேகத்தில் 2 மணி 16 நிமிடம். போகவர 70 நிமிடம் மிச்சம். 960 நிமிட நாளில் இது 7.3 சதவீதம். ஒரு இழுப்பு 2 மணி நேரம் என்றால், கிடைப்பது பாதி இழுப்புக்குச் சற்றே கூடுதல். திறன் 100 சதவீதம் கூடி, மணி நேரம் 7.3 சதவீதம் கூடுகிறது.

அப்படியானால் 240 எதற்கு? பெரிய மடியை இழுக்கத்தான். இழுப்பு வேகத்தில் கூடுதல் திறன் நேரடியாக மடியின் வாய்க்கும் கனத்துக்கும் போகிறது. வருமானக் கணக்கில் இதற்கு இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மடி உழும் தரை மன்னார் வளைகுடாத் தரை: 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்காவும், தொல்லாயிரம் பார் உள்ளிட்ட முத்துப் பார்களும் இருக்கும் கடல். தூத்துக்குடியில் 1955இல் தொடங்கிய முத்துக்குளிப்பு வரிசை 1961இல் நின்றது. அதன்பின் குளிப்பு நடக்கவில்லை. அதற்கு இழுவைமடி ஒன்றே காரணம் என்று எண்களைக் கொண்டு சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தரையில் மடியின் கனத்தை இரட்டிப்பாக்கும் முடிவை டீசல் ரசீதை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சின் விலைக்கு வெளியே இருக்கும் செலவும் திறனோடு ஏறும். 1,800 சுற்றில் 88.3 கிலோவாட் தரும் எஞ்சினின் முறுக்குவிசை 468 நியூட்டன்-மீட்டர். 3:1 கியர் பெட்டிக்குப் பின் சாப்டில் 1,405. 240 குதிரைத்திறனுக்கு இது 2,810. சாப்டின் விட்டமும் முறுக்குவிசையின் மும்மடி மூலத்தையே தொடரும்: 50 மில்லிமீட்டர் போதுமாக இருந்த இடத்தில் 63 மில்லிமீட்டர் வேண்டும், எடை 59 சதவீதம் கூடும். சாப்ட் மாறினால் ஸ்டெர்ன் டியூப், புஷ், கப்ளிங் மாறும், விசிறி மாறும், எஞ்சின் தாங்கும் மரக்கட்டைகள் மாறும், நாளுக்கு 155 கிலோ டீசல் சுமந்த தொட்டி 312 கிலோ சுமக்க வேண்டும். 120ஐ எடுத்து 120 வைத்தால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தேய்மானச் செலவு மட்டுமே. லாரி எஞ்சினைக் குறைந்த விலைக்கு வாங்கி இறக்குபவர்கள் ரேடியேட்டருக்குப் பதிலாகக் கடல்நீர் வெப்பமாற்றி, கடல்நீர் பம்பு, நீர் குளிரூட்டும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு, துத்தநாகக் கட்டி ஆகியவற்றைத் தனியே கூட்டிய பிறகே விலையை ஒப்பிட வேண்டும்.

ஆவணச் செலவு சிறியது, விட்டுவிட்டால் இழப்பு பெரியது. பதிவுச் சான்றில் எஞ்சின் விவரமும் குதிரைத்திறனும் இடம்பெறும். தடைக்காலத்தில் மீன்வளத் துறை படகுகளை நேரில் ஆய்வு செய்கிறது. மாற்றத்தைப் பதியாமல் விட்டு வரிவிலக்கு டீசல் நின்றால் ஒரு மாதத்தின் இழப்பு 1,900 லிட்டருக்கு ரூ.33,782. புதிய 120ஆல் ஒரு மாதத்தில் கிடைக்கும் மிச்சம், 10 மாதத்துக்குப் பிரித்தால், ரூ.51,520. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு தாளுக்காகப் போய்விடும்.

நாளுக்கு ரூ.17,388 என்ற கூடுதல் டீசல் உரிமையாளரின் கைப்பணம் மட்டுமல்ல. செலவு கழித்த மிச்சத்தைப் பங்கு வைக்கும் முறையில் அது எல்லோர் பங்கிலிருந்தும் போகிறது. 60:40 பங்கு, படகில் 8 தொழிலாளர்கள் என்று வைத்தால் தொழிலாளர் பக்கம் ரூ.6,955, ஆளுக்கு ரூ.869. கூடுதல் மீன் அதை ஈடுகட்டாத ஒவ்வொரு நாளும் ஒருவர் இந்தத் தொகையை இழக்கிறார். 200 நாளில் பாதி நாள் அப்படி அமைந்தால் ஆளுக்கு ரூ.86,900. எஞ்சின் திறனை முடிவு செய்யும் பேச்சில் தொழிலாளர்களும் உட்கார வேண்டும் என்று சொல்ல இந்த எண்ணே போதும்.

61 நாளைப் பிரிப்பதில் ஒரு எச்சரிக்கை. மரப்படகு கரையில் இருக்கும்போது உள்ள வடிவமும் நீரில் மிதக்கும்போது உள்ள வடிவமும் ஒன்றல்ல. கரையில் கப்ளிங் முகங்களை நேர் பார்த்திருந்தாலும், நீரில் இறக்கி இரண்டு நாள் கழித்து ஃபீலர் கேஜ் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் புஷ் தின்னும். ஆகவே படகு ஜூன் முதல் வாரத்திலேயே நீரில் இருக்க வேண்டும். எஞ்சினுக்கான முன்பணம் தடை தொடங்கும் முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும். சோதனை ஓட்டத்தில் முழு திராட்டிலில் 1,800 சுற்று வர வேண்டிய எஞ்சின் 1,650இல் நின்றுவிட்டால் விசிறி பெரிது. பிட்சைக் குறைக்காமல் ஜூன் 15 காலை 5 மணிக்குப் புறப்பட்டால், 210 கிராம் என்று போட்ட கணக்கு முதல் நாளிலிருந்தே தவறத் தொடங்கும்.