எலக்ட்ரிக் கிட்டாரும் அக்கூஸ்டிக் ஆம்ப்ளிஃபயரும் – சேருமா, சேராதா?



ஆண்டு விழா நெருங்கிட்டா போதும், நம்ம இசைக்குழு பசங்களிடம் இந்தப் பிரச்சினை தலைதூக்கும். கையில் இருப்பது எலக்ட்ரிக் கிட்டார். கிடைப்பதோ அக்கூஸ்டிக் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர். "செருகினா புகைஞ்சிடுமாடா?" என்று ஒருத்தன் பயப்படுவான். "புதுசு வாங்கிடுவோம், ஆளுக்கு இவ்வளவு போடுங்க" என்று இன்னொருத்தன் வசூல் நோட்டோடு கிளம்பிடுவான்! காசு போடும் முன் கொஞ்சம் யோசிப்போமே. நாம் லேபில் படித்ததே இதற்குப் பதில் சொல்லும்.

பெட்டி பாடுமா, ஸ்பீக்கர் பாடுமா?

நம்ம செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவை (1906–1933) எடுத்துக்கொள்ளுங்கள். மைக் செட் பரவாத காலத்து நாடக மேடையில், உச்ச ஸ்தாயியில் பாடிக் கூட்டத்தைக் கட்டிப் போட்டவர். அக்கூஸ்டிக் கிட்டாரும் அந்த ரகம்தான். தந்தியின் அதிர்வை மரப்பெட்டியே பெரிதாக்கித் தந்துவிடும். அதற்கான ஆம்ப்ளிஃபயருக்கு ஒரே வேலைதான்: உள்ளதை உள்ளபடி பெரிதாக்குவது. அதனால்தான் அதில் உஃபரோடு ட்வீட்டரும் இருக்கும்.

கட்டை உடம்பு எலக்ட்ரிக் கிட்டாருக்குத் தனியாகக் குரல் இல்லை. தந்திக்குக் கீழே காந்தம், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பி. இதுதான் பிக்கப். எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே விதியேதான்! இதற்கான ஆம்ப்ளிஃபயரில் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர்தான், ட்வீட்டர் கிடையாது. சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி மளமளவென்று குறைந்துவிடும்.

ரேடியோ மெக்கானிக் இதைக் குறை என்பார். கிட்டார்காரருக்கோ அதுதான் இனிமை. 1964-இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பையே பிளேடால் கீறி, அந்தக் கரகரப்பில் ஒரு பாட்டையே பதிவு செய்தார். ஆக, எலக்ட்ரிக் கிட்டார் வாத்தியத்தில் பாதிதான். மீதிப் பாதி ஆம்ப்ளிஃபயர்.

செருகினால் என்ன ஆகும்?

முதலில் பயத்தைப் போக்குவோம். பிக்கப் தருவது சில நூறு மில்லிவோல்ட்தான். அதனால் ஆம்ப்ளிஃபயர் எரியாது.

அடுத்து இன்புட். பிக்கப் சுருளின் மின்தடை 7 கிலோ ஓம், இண்டக்டன்ஸ் 2.5 ஹென்றி என்று வைப்போம். 4000 ஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ் சுமார் 63 கிலோ ஓம். இதை 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் செருகினால், 100 ஹெர்ட்ஸில் சிக்னலில் சுமார் 59 சதவீதம் வந்து சேரும். 4000 ஹெர்ட்ஸில் வெறும் 15 சதவீதம்! (ஒயரின் கெபாசிடன்ஸை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.) சத்தம் போர்வைக்குள் பேசுவது மாதிரி இருக்கும். மைக் இன்புட் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

அக்கூஸ்டிக் ஆம்ப்ளிஃபயர் இங்கேதான் கை கொடுக்கும். பீசோ பிக்கப்புக்காக, பெரும்பாலானவற்றின் கிட்டார் இன்புட் 1 மெகா ஓம் அல்லது அதற்கும் மேல் இருக்கும். அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், 99 சதவீதம் வந்து சேரும். எனவே கிட்டாரைக் கிட்டார் இன்புட்டில்தான் செருகணும், மைக் துளையில் அல்ல.

எது எடுபடும், எது எடுபடாது?

சுத்தமான வாசிப்பு நன்றாகவே எடுபடும். மெலடி, கார்ட்ஸ், கமகம் எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவாக வரும். மின்சார வாத்தியம் என்றாலே கரகரப்பு இருக்கணும் என்று யார் சொன்னது? மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் (1969–2014) வாசித்ததும் எலக்ட்ரிக் மாண்டலின்தான். இரட்டைத் தந்திகளை மாற்றி, ஐந்து ஒற்றைத் தந்திகளில் கர்நாடக ராகங்களை வாசித்தார். 1983-இல் பெர்லின் ஜாஸ் விழாவிலும் கைதட்டல் வாங்கினார்.

டிஸ்டார்ஷன் பெடல் போட்டால்தான் வம்பு. அது அலையின் தலையை வெட்டிச் சதுர அலை மாதிரி ஆக்கிவிடும். சதுர அலையில் 3, 5, 7 மடங்கு ஹார்மோனிக்ஸ் வரும் என்று படித்திருக்கிறோமே? கிட்டார் ஸ்பீக்கர் அவற்றின் மேல் பகுதியை விழுங்கிவிடும். ட்வீட்டரோ ஒன்றுவிடாமல் கொட்டும். தகரத்தில் ஆணி கிழிப்பது போல் கேட்கும். முழு வால்யூமில் ரொம்ப நேரம் ஓட்டினால் ட்வீட்டரே போய்விடலாம்.

வழி இருக்கிறது. ட்வீட்டருக்குத் தனி ஸ்விட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ட்ரெபிளைக் குறையுங்கள், கிட்டாரின் டோன் குமிழையும் குறையுங்கள். பெடலுக்குப் பிறகு கேபினட் சிமுலேட்டர் வைத்தால் இன்னும் நல்லது. 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. புது ஆம்ப்ளிஃபயரைவிடச் செலவும் பெரும்பாலும் குறைவு.

உயிர் முக்கியம் தோழா!

எலக்ட்ரிக் கிட்டாரின் தந்திகள் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் சரியில்லாத மைக்கில் மின்சாரம் கசிந்தால், ஒரு கை தந்தியிலும் மறு கையோ உதடோ மைக்கிலும் பட்ட நொடியில் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகர மேடையில் இப்படித்தான் இறந்தார்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல் நம்ம மேடைகளையும் நனைக்கும். ஈரத் தரை என்றால் ஆபத்து இரட்டிப்பு. ஆகவே:

1. ஆம்ப்ளிஃபயர், மிக்சர் எல்லாவற்றுக்கும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து மூன்று பின் இணைப்பு எடுங்கள்.
2. 'ஹம்' சத்தம் வருதுன்னு எர்த் பின்னை ஒருபோதும் கழற்றாதீர்கள்.
3. அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும்.
4. எலக்ட்ரிகல் பிரிவு நண்பர்களை வைத்து, பாட்டு தொடங்கும் முன் மைக்குக்கும் தந்திக்கும் இடையே ஏ.சி. வோல்டேஜ் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வோல்டேஜ் காட்டினால், கோளாறைச் சரி செய்யும் வரை கிட்டாரைத் தொடாதீர்கள்.

சேருமா, சேராதா? சேரும் நண்பர்களே, தாராளமாகச் சேரும்! வசூல் நோட்டை மூடி வையுங்கள். அந்தக் காசில் கொஞ்சம் ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டுக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் போகட்டும்.