உரிமை கோராமைத் தள்ளுபடி: காரை ஓட்டாத காலத்தில்

மோட்டார் காப்பீட்டில், ஓராண்டு முழுவதும் இழப்பீடு எதுவும் கேட்காத வாகன உரிமையாளருக்கு அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் குறைத்துத் தரப்படும் தொகை உரிமை கோராமைத் தள்ளுபடி ஆகும். பேச்சுவழக்கில் இது 'நோ கிளெய்ம் போனஸ்' அல்லது என்.சி.பி. எனப்படுகிறது.

இந்தியாவில் 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகள், தள்ளுபடியின் படிகளை வகுத்தன. முதல் ஆண்டு முடிவில் 20 விழுக்காடு. தொடர்ந்து 25, 35, 45. ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 விழுக்காடு. அதற்கு மேல் கிடையாது. 2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதப் பிரீமியத்தை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றான பின்பும் இந்தப் படிகளே வழக்கில் நிலைத்தன. தள்ளுபடி சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டுமே உரியது. மூன்றாம் நபர் பிரீமியத்தில் ஒரு ரூபாயும் குறையாது. கதவில் விழுந்த கீறலுக்கு ஒருமுறை இழப்பீடு வாங்கினால் போதும், அடுத்த புதுப்பிப்பில் 50 விழுக்காடும் பூச்சியமாகிவிடும்.

ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் காரில்தான் இந்தத் தள்ளுபடி எளிதில் தொலைகிறது. புதுச்சேரி நகரின் தென்பகுதியில் உள்ள உப்பளத்தை எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு ஆட்சி இருந்த ஊர் என்பதால், பிரான்சில் பிள்ளைகளோ உடன்பிறந்தோரோ உள்ள குடும்பங்கள் புதுச்சேரியில் பல உண்டு. பேரக்குழந்தை பிறந்ததென்று ஆறு மாதம் போய்த் தங்குபவரின் கார் வீட்டு வாசலில் உறையிட்டு நிற்கும். இடையில் பாலிசி முடிந்துபோகும். ஓடாத வண்டிக்கு எதற்குக் காப்பீடு, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதும் இயல்பே.

பாலிசி முடிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த தள்ளுபடி முழுவதும் போய்விடும் என்பது பொது விதி. இதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று கொள்வோம். 50 விழுக்காடு உள்ளவர் 5,000 கட்டுவார். அதை இழந்தவர் முதல் ஆண்டு 10,000, பிறகு 8,000, 7,500, 6,500, 5,500 என்று கட்டி, ஆறாம் ஆண்டில்தான் பழைய 5,000-க்கு வருவார். ஐந்தாண்டில் கூடுதலாகப் போவது 12,500 ரூபாய். ஓட்டாத ஓராண்டுக்கு 5,000 கட்டியிருந்தால் இது மிஞ்சியிருக்கும்.

புதிய கார் வாங்கியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. கையில் மூன்றாண்டுத் தாள் இருப்பதால் எல்லாம் நடப்பில் இருப்பதாகத் தோன்றும். சொந்தச் சேதப் பகுதியோ ஓராண்டிலேயே முடிந்திருக்கும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் நடப்பில் இருந்தால் தள்ளுபடி வளராது, அது தள்ளுபடியைக் காப்பாற்றவும் செய்யாது.

மூன்றாண்டு விலக்கு

90 நாள் விதிக்கு அதே கட்டண விதிகளின் 27-ஆம் விதியில் விலக்கு ஒன்று இருக்கிறது. வாகனம் விற்கப்பட்டு உடனே வேறொன்று வாங்கப்படாவிட்டாலும், வாகனம் ஓட்டாமல் முடக்கி வைக்கப்பட்டிருந்தாலும், முந்தைய பாலிசி முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் எடுக்கும் புதிய பாலிசியில் பழைய தள்ளுபடியைத் தரலாம். விற்றவர் நிறுவனத்திடம் தள்ளுபடி ஒதுக்கீட்டுச் சான்று கேட்டு வாங்கி வைக்க வேண்டும். தள்ளுபடி உரிமையாளரைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்ததல்ல. ஆகவே வாங்குபவருக்கு அது போகாது. உரிமையாளர் இறந்து கார் மனைவிக்கோ கணவருக்கோ, பிள்ளைகளுக்கோ, பெற்றோருக்கோ வந்தால் மட்டும் தள்ளுபடியும் உடன் வரும்.

முடக்கி வைப்பவருக்கு முன்கூட்டிய எழுத்து அறிவிப்பே சான்று. இரண்டு மாதத்துக்குக் குறையாமல் கார் கொட்டகையில் ஓடாமல் நிற்கும் என்று பதிவஞ்சலில் தெரிவித்தால், அந்தக் காலத்துக்கான பிரீமியத்தை அடுத்த புதுப்பிப்பில் கழிக்கவோ பாலிசிக் காலத்தை நீட்டவோ விதிகள் இடம் தந்தன. அப்போது விபத்துப் பொறுப்பு நிறுத்தி வைக்கப்படும். தீ, திருட்டு, புயல், வெள்ளம் போன்றவற்றுக்கான காப்பு மட்டும் தொடரும். திரும்பி வந்தபின் 'ஓட்டவே இல்லை' என்று வாயால் சொல்வதற்கு இந்த மதிப்புக் கிடைக்காது.

சிக்கல் 'கொட்டகை' என்ற சொல்லில் இருக்கிறது. நெருக்கமான நகரத் தெருக்களில் பல கார்களுக்குத் தெருவே கொட்டகை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, பொது இடத்தில் வாகனத்தைப் பயன்படுத்த மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. விபத்தில் சிக்கி நகராமல் கிடக்கும் வாகனமும் 'பயன்பாட்டில்' உள்ளதாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் அச்சொல்லுக்கு விரிந்த பொருள் கொடுத்தது. தெருவில் நிற்கும் காருக்கு முழுப் பாலிசியைத் தொடர்வதே பாதுகாப்பு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி, தெருக்களில் நின்ற வண்டிகள் நீரில் மூழ்கின. காப்பீடு முடிந்த காருக்கு அத்தகைய நாளில் எதுவும் கிடைக்காது. நடப்பில் இருந்து வெள்ளச் சேதத்துக்குப் பணம் வாங்கினாலோ, ஓட்டுநர் பிழையே இல்லாதபோதும் தள்ளுபடி பூச்சியமாகும். இதைத் தடுக்கத் தனிக் கட்டணத்தில் தள்ளுபடிப் பாதுகாப்பு இணைப்பு விற்கப்படுகிறது.

பிரான்சில் ஓட்டியவருக்கு

பிரான்சின் 'போனுஸ் மலுஸ்' முறை இதற்கு மாறானது. அங்கே 1.00 என்ற குணகத்தில் தொடங்கி, விபத்துப் பொறுப்பு இல்லாத ஒவ்வோர் ஆண்டும் 5 விழுக்காடு குறையும். 13 ஆண்டுகளில் 0.50 ஆகி நிற்கும். தன் பிழையால் விபத்து நேர்ந்தால் 25 விழுக்காடு ஏறும். திருட்டு, தீ போன்றவை கணக்கில் சேராது. இந்தியக் கணக்கு பணம் கேட்டதைப் பார்க்கிறது. பிரெஞ்சுக் கணக்கு பிழையைப் பார்க்கிறது.

வெளிநாட்டில் ஈட்டிய தள்ளுபடிக்குச் சான்று காட்டினால், அங்குள்ள பாலிசி முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் இந்தியாவில் எடுக்கும் பாலிசியில் அதைத் தரலாம் என்றும் 27-ஆம் விதி சொல்கிறது. பிரெஞ்சு நிறுவனம், கேட்ட 15 நாட்களுக்குள் காப்பீட்டு வரலாற்றுத் தாளைக் கொடுக்கக் கடமைப்பட்டது. ஊர் திரும்பும் முன்பே அதை வாங்கிக்கொள்வது நல்லது. உப்பளத்தில் உட்கார்ந்து பாரிசுக்குக் கடிதம் எழுதும் அலைச்சல் மிச்சம். இல்லாத தள்ளுபடியை இருப்பதாக அறிவித்துப் பாலிசி எடுப்பது ஆபத்தானது. புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் 21 நாட்களுக்குள் எழுதிக் கேட்க வேண்டும் என்பது விதி. அறிவிப்பு பொய்யென்று தெரிந்தால் சொந்தச் சேத இழப்பீடே மறுக்கப்படலாம்.