அந்தப் பிள்ளையும் இந்தப் பிள்ளையும் ஒன்றே



தறி நிறுத்தி, சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பதினேழு வயது மகன் பக்கத்தில் வந்து, "அம்மா, நான் பையன்தானான்னு எனக்கே சந்தேகமா இருக்குதும்மா" என்கிறான். அல்லது மகள், "என்னைப் பொண்ணுன்னு நெனைக்கவே முடியலீங்கப்பா" என்கிறாள். நெஞ்சு திக்கென்கிறது. என்ன செய்வீர்கள்?

இது நோயா?

இல்லை. உடம்பு ஒரு விதமாகவும், தன்னைப் பற்றிய உணர்வு வேறு விதமாகவும் சிலருக்கு அமைகிறது. இதற்குச் சாமி குற்றமோ, வளர்ப்பில் குறையோ காரணமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், மனநோய் வரிசையிலிருந்து இதை எடுத்துவிட்டது. மந்திரிப்பு, தாயத்து, அடி உதை எதுவும் இதை மாற்றாது. மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை செய்தது.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகுமா?

ஆகாது. உங்கள் பிள்ளையோடு இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் கெடும்.

நாம் வளர்த்த பிள்ளை போய்விட்டதா?

பெற்றோரை வாட்டும் கேள்வி இதுதான். பிள்ளையையும் இதுவே வாட்டுகிறது. மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திய போட்டோ சுவரில் இருக்கிறது. அது பொய்யாகிவிடுமா? ஆகாது. அன்று மடியில் அழுததும், இன்று உங்களிடம் மனம் திறந்ததும் ஒரே பிள்ளைதான்.

சிலர் பழைய பெயரையும் படத்தையும் ஒதுக்கி வைக்க விரும்புவார்கள். சிலர் பொக்கிஷமாகப் பாதுகாப்பார்கள். அதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். கோபத்தில் எதையும் கிழித்துப் போடாதீர்கள். சந்தேகம் வந்தவர் எல்லோரும் மாறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. யோசித்து, இருந்தபடியே இருப்பவரும் உண்டு. அவசரம் வேண்டாம்.

நம் சேலத்துப் பிள்ளை

சேலத்தில் பிறந்த பிரித்திகா யாஷினி கணினிப் பயன்பாட்டில் பட்டம் பெற்றவர். 2011-ல் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போய், திருநங்கையாக வாழத் தொடங்கினார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப்போட்டபோது, சான்றிதழில் உள்ள பெயர் வேறு என்று மனு தள்ளப்பட்டது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017-ல் தர்மபுரி மாவட்டத்தில் பொறுப்பேற்றார். பழைய பெயரில் படித்த படிப்புதான் புதிய பெயரில் அவரை வேலையில் அமர்த்தியது. உங்கள் பிள்ளை வீட்டை விட்டுப் போகாமலே இவ்வாறு முன்னேறலாம் அல்லவா?

நீங்கள் செய்ய வேண்டியவை

* கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து, பிள்ளை சொல்வதை முழுவதும் கேளுங்கள். "உன்னாலதான் இப்படி ஆச்சு" என்று ஒருவரை ஒருவர் பழிக்காதீர்கள்.
* படிப்பை நிறுத்தாதீர்கள். சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்.
* பிள்ளையைக் கேட்காமல் உறவினரிடம் சொல்லாதீர்கள்.
* டாக்டர் ஆலோசனை இல்லாமல் மாத்திரை, ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து என்று எடுத்துச் சொல்லுங்கள்.
* பிள்ளை மனமுடைந்து காணப்பட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கட்டணமில்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் பேசலாம்.
* திருநங்கையர் நல வாரியம் தமிழ்நாட்டில் 2008-ல் அமைக்கப்பட்டது. உதவிகள் பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பெயர் மாறலாம், உடை மாறலாம்.
பெற்ற பிள்ளை மாறுவதில்லை!