வெங்காயத்தில் இருக்கும் ஊர்

செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் என்று விற்கிற மூட்டையில் இருப்பது அந்த ஊர்ச் சரக்குதானா? நிறத்தையும் காரத்தையும் வைத்தே சொல்லிவிடும் வியாபாரிகள் பெரம்பலூர்ப் பக்கம் உண்டு. பட்டறையில் மாதக்கணக்கில் கிடந்து, இரண்டு மண்டி மாறி, வெளியூர்ச் சரக்கோடு கலந்துவிட்டால் அவர்களுக்கும் திணறல்தான். பாடுபட்டு விளைவித்தவருக்குக் கிடைக்க வேண்டிய விலை அங்கேதான் கரைகிறது. ஆனால், விளைந்த மண்ணை வெங்காயத்துக்குள்ளேயே தேட முடியும்.

வேர் தண்ணீரோடு தாதுக்களையும் உறிஞ்சுகிறது. அதில் ஸ்ட்ரான்சியம் என்பது கால்சியத்துக்குப் பங்காளி. வேருக்கு இரண்டையும் சரிவரப் பிரித்தறியத் தெரியாது. ஸ்ட்ரான்சியத்திலும் 86, 87 என்று எடை வேறுபட்ட அணுக்கள் உண்டு. பாறையிலுள்ள ஒருவகை ருபீடியம் சிதைந்து 87 ஆகிறது. பாதி சிதையவே சுமார் 4,900 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே, ருபீடியம் மிகுந்த பழம்பாறையில் 87-இன் பங்கு ஏறியிருக்கும்; அதன் மண்ணில் விளைந்த வெங்காயத்திலும் அப்படியே.

நம் பகுதியின் அதிர்ஷ்டம் இங்கேதான். செட்டிகுளம் பக்கம் இருப்பது மிகப் பழைய பாறை. கிழக்கே அரியலூர், 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் இன்றும் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கடல்நீரில் 87-க்கும் 86-க்குமான விகிதம் 0.708-க்குச் சற்றுக் கீழே. சுண்ணாம்புக்கல்லில் ருபீடியம் மிகக் குறைவு என்பதால் அந்த எண் பெரிதாக மாறுவதில்லை. பழம்பாறைகளிலோ பெரும்பாலும் 0.71-ஐத் தாண்டிவிடும்.

சோதனைக்கு வெளித்தோலை உரித்துவிட வேண்டும். ஒட்டிய மண் துளி இருந்தாலும் கணக்கு கெடும். பிறகு கழுவி, உலர்த்தி, பொடித்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, பல ஆயிரம் டிகிரி சூட்டில் அணுக்களை மின்னேற்றி, எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். ஸ்ட்ரான்சியம் மட்டுமல்ல, பல தாதுக்களையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஹொக்கைடோ, ஹியோகோ, சாகா வெங்காயங்களை இறக்குமதிச் சரக்கிலிருந்து தாது அளவுகளை வைத்தே பெருமளவு பிரித்துக் காட்டினார்கள்.

ஆனால், வயலில் இடும் சூப்பர் பாஸ்பேட்டும் ஜிப்சமும் தங்கள் ஸ்ட்ரான்சியத்தை மண்ணில் கலக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரும் அப்படியே. அதனால் எந்த வயல், எந்தப் பட்டம், என்ன உரம், எந்தத் தண்ணீர் என்று குறித்து, ஊர் ஊராக வெங்காயமும் மண்ணும் முதலில் சேகரித்தாக வேண்டும். மண்டியில் எடுத்த வெங்காயத்தின் எண்ணை அந்தப் பட்டியலோடுதான் ஒப்பிட முடியும்.