ஆடிக் காற்றின் வரவும் செலவும்

வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும் ஆடியில்தான், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் காற்றாலைகளும் ஓய்வின்றிச் சுழல்கின்றன. 1986-லேயே தூத்துக்குடிக் கரையில் காற்றாலைகள் வந்துவிட்டன. நிலக்கரி வேண்டாம், புகை இல்லை. கோபுரத்தின் அடியில் விவசாயமும் நடக்கும்.

சிக்கல், காற்று நம் பேச்சைக் கேட்காது என்பதே. மே முதல் செப்டம்பர் வரை கொட்டும் மின்சாரம் பிறகு வற்றிவிடுகிறது. மிகுதியாக வரும் நாளில் மின்தடம் தாங்காமல் ஆலைகளை நிறுத்தச் சொல்வதும் உண்டு. சேமித்து வைக்கப் பேட்டரியோ நீரேற்று மின்நிலையமோ வேண்டும், இரண்டுமே செலவு.

இப்போது பார்வை கடல்மேல். குஜராத், தமிழ்நாடு கரைகளுக்கு அப்பால் தலா 500 மெகாவாட் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை நிதியுதவியை அனுமதித்தது. கடலில் கோபுரம் நட்டால் வலை எங்கே விரிப்பது? கடலோர ஊர்ப் பஞ்சாயத்துகளைக் கேட்காமல் அரசு வரைபடத்தில் கோடு போடக் கூடாது.